பூட்டைத் திறக்காமலே போன பணம்

மன்னார்குடியில் தாலுகா அலுவலகத்தை நம்பிப் பிழைக்கும் கடைகளில் என்னுடையதும் ஒன்று. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் அளவுப் படம், பட்டா சிட்டா நகல், கல்யாணப் பத்திரிகை. மேசைக்கு இந்தப் பக்கம் 17 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் ஜனங்கள் மஞ்சள் பையோடு வருவார்கள். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் ரேஷன் அட்டையும் பத்திரமும் இருக்கும். கேட்ட தாளை மட்டும் உருவிக் கொடுத்துவிட்டுப் பையை அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். இப்போது பை இல்லை. செல்போனைத் திறந்து, திறந்தபடியே மேசைமேல் வைத்து, "அதில்தான் இருக்கிறது, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். மஞ்சள் பையை ஒருநாளும் யாரும் என்னிடம் அப்படி விட்டதில்லை.

இதையெல்லாம் தினமும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன்தான் நான். ஆனாலும் போன வருடம் தை மாதம் 23,600 ரூபாயைத் தொலைத்தேன். போனை எடுத்தவன் அதன் பூட்டைத் திறக்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று முகூர்த்த நாள். தஞ்சாவூரில் தங்கை மகள் நிச்சயதார்த்தத்தை முடித்துவிட்டு, புதிய பேருந்து நிலையத்தில் மாலை 6.40 மன்னார்குடி பஸ்ஸில் ஏறினேன். இடது கையில் மூன்று தாம்பூலப் பைகள், வலது கை கம்பியில். போன் சட்டைப் பையில். ஏறும்போது முன்னால் நின்றவர் திடீரென்று இறங்குவதுபோல் திரும்பினார். பின்னால் இருந்தவர் தள்ளினார். நடுவில் நான் ஒரு நொடி நசுங்கினேன். கூட்டம் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்ததைச் சட்டைப் பையில் வைக்கப் போனபோதுதான் பை தட்டையாக இருந்தது.

பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண். சொன்னதும் உதவ வந்தாள். ஆனால் போனை என் கையில் தரவில்லை. எண்ணைக் கேட்டு அவளே அழுத்தினாள், ஒலிபெருக்கியில் போட்டு என் பக்கம் திருப்பினாள். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது யோசித்தால் அந்தப் பிள்ளைக்கு இருந்த விவரம் எனக்கு இல்லை. முதல் தடவை மணி அடித்தது. இரண்டாம் தடவையும் அடித்தது. மூன்றாம் தடவை அணைக்கப்பட்டிருப்பதாகப் பதிவுக் குரல் வந்தது. அதற்குப் பிறகும் விடாமல் நான்கு முறை அடிக்கச் சொன்னேன். அணைத்து வைத்த போன் எப்படி எடுக்கும்? மனித மனம் அப்படி.

"வீட்டு எண் சொல்லுங்கள் அங்கிள், பேசித் தருகிறேன்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி 24 வருடமான மனைவியின் எண் தெரியவில்லை, மகன் எண் தெரியவில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என் எண்தான். கடைப் பலகையிலும் பில் புத்தகத்திலும் ரப்பர் ஸ்டாம்பிலும் அதுதானே இருக்கிறது. அது இப்போது எவனோ ஒருவன் பையில் இருந்தது.

வடுவூர் தாண்டும்போது மனத்தைத் தேற்றிக்கொண்டுவிட்டேன். 11,000 ரூபாய் போன், வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது, கைரேகைப் பூட்டு இருக்கிறது, திறக்க முடியாது, போனால் போகட்டும். ஜன்னலோரமாகச் சாய்ந்து கொஞ்சம் கண்ணயர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துப் பார்த்தபோது நேரம் துல்லியமாக அச்சாகியிருந்தது. 7.22-க்கு 4,900. 7.31-க்கு 9,500. 7.44-க்கு 9,200. நான் தூங்கிய நேரம் அது.

நடந்தது இதுதான். என் போன் புத்தகம்போல் மடிக்கும் தோல் உறையில் இருந்தது. அந்த உறையில் அட்டை செருக ஒரு பள்ளம் உண்டு. அதில் வங்கியின் டெபிட் அட்டையைச் செருகியிருந்தேன், வசதியாக இருக்கிறது என்று. அட்டையில் எண் இருக்கிறது, காலாவதி மாதம் இருக்கிறது, முதுகில் மூன்று இலக்க ரகசிய எண்ணும் இருக்கிறது. இணையத்தில் பொருள் வாங்க இன்னும் ஒன்றுதான் வேண்டும்: ஓடிபி. அது சிம்முக்கு வரும். அவன் என் போனை அணைத்தான், பக்கவாட்டுத் தட்டைக் குண்டூசியால் தள்ளி சிம்மை எடுத்தான், தன் போனில் போட்டான். அவ்வளவுதான் வேலை. கைரேகையும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். வாசலுக்கு நான் போட்ட பூட்டு அப்படியே இருக்க, கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டான்.

போனைப் பூட்டினால் சிம்மும் பூட்டிக்கொள்ளும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், பத்துப் பேரில் ஒன்பது பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிம்முக்குத் தனிப் பூட்டு இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய், பாதுகாப்பு என்ற பகுதியில் தேடினால் 'சிம் பூட்டு' என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால், போனை அணைத்துப் போடும்போதோ சிம்மை வேறு போனில் செருகும்போதோ நான்கு இலக்கப் 'பின்' எண் கேட்கும். மூன்று தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும். பிறகு பியுகே எனும் 8 இலக்க எண் வேண்டும், அது சிம் நிறுவனத்திடமோ சிம் வந்த அட்டையிலோதான் இருக்கும். பியுகேவையும் பத்துத் தடவை தவறாகப் போட்டால் சிம்மையே தூக்கி எறிய வேண்டியதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்த வேகத்தில் போய்ப் போடாதீர்கள். புதிய சிம்மிலேயே நிறுவனம் வைத்த தொடக்கப் பின் ஒன்று இருக்கும், முதல் தடவை அதைத்தான் கேட்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். வாடிக்கையாளர் சேவையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைப் போட்டு, பிறகு உங்கள் பின்னுக்கு மாற்ற வேண்டும். என் மகன் குத்துமதிப்பாக மூன்று எண்ணைப் போட்டுப் பார்த்து ஒருநாள் முழுக்கப் பேச முடியாமல் இருந்தான். போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம் என்றால் உருவி எடுக்கும் வேலை நடக்காது, அது வேறு கதை.

சிம்மை உருவாமலே ஓடிபியைப் படிக்கவும் வழி இருக்கிறது. பூட்டிய திரையிலேயே குறுஞ்செய்தி முழுதாகத் தெரிகிறதா என்று உங்கள் போனைப் பாருங்கள். பெரும்பாலும் தெரியும். மேசைமேல் கிடக்கும் வாடிக்கையாளர் போன்களில் நான் விரும்பாவிட்டாலும் கண்ணில் படுகிறது: ஆறு இலக்கம், வங்கி பெயர், தொகை எல்லாம் பூட்டிய திரையில் மின்னிவிட்டுப் போகும். அறிவிப்பு அமைப்பில் போய், பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைக்கச் சொல்லிவிட்டால் செய்தி வந்திருக்கிறது என்று மட்டும் காட்டும். இரண்டு நிமிட வேலை.

அன்றைக்கே திரும்புகிறேன். இரவு 7.55-க்கு மன்னார்குடி. வீட்டுக்குப் போய் மனைவி போனில் சிம்மை முடக்கியபோது 8.20. அட்டையை முடக்கியபோது 8.35. பஸ்ஸில் அந்தப் பெண்ணின் போனில் என் எண்ணுக்கே ஏழு தடவை அடித்த நேரத்தில், சிம் நிறுவனத்துக்கு ஒரு தடவை அடித்திருந்தால் மூன்று பரிவர்த்தனையும் நடந்திருக்காது. ஆனால் எந்த எண்ணுக்கு அடிப்பது? 198 என்ற புகார் எண் அந்தந்த நிறுவன சிம்மிலிருந்து அடித்தால்தான் நம் நிறுவனத்துக்குப் போகும். வேறு போனிலிருந்து பேசுவதற்கு என்று ஒரு பத்து இலக்க எண் இருக்கும். அது என்னிடம் இல்லை. இப்போது ஒரு விசிட்டிங் கார்டு அளவு தாளில் நான்கு எண்களை அடித்து, லேமினேஷன் போட்டு, பர்ஸில் வைத்திருக்கிறேன்: சிம் நிறுவனம், வங்கியின் அட்டை முடக்கும் எண், 1930, மனைவி. லேமினேஷன் மெஷின் வைத்திருக்கிறவனுக்கு இதுகூடத் தோன்றாமல் போயிற்றே என்றுதான் இன்னும் ஆத்திரம்.

1930 பலருக்கும் தெரிவதில்லை. இணையப் பண மோசடிக்கென்று நாடு முழுவதற்குமான எண் அது. நான் அடித்தபோது இரவு 9 மணி. எடுத்தவர் தமிழில்தான் பேசினார். கணக்கு எண், பரிவர்த்தனை எண், தொகை, நேரம் என்று வரிசையாகக் கேட்டார். அவர்கள் செய்வது என்னவென்றால், பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே வழியில் இருக்கும் வங்கிக்குத் தகவல் போய், அங்கே அதை நிறுத்தப் பார்க்கிறார்கள். ஆகவே எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு மிஞ்சும். என் பணத்தில் கடைசியாகப் போன 9,200 ஓர் இணையப் பணப்பையில் நின்றுகொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டார்கள். முதல் இரண்டும் கடந்து போய்விட்டன. நிறுத்திய பணம் கைக்கு வர நீதிமன்ற ஆணை, அலைச்சல் எல்லாம் சேர்த்து ஐந்து மாதம் ஆயிற்று. வந்தது என்பதே பெரிய விஷயம்.

வங்கியில் அதிகாரி மரியாதையாகவே பேசினார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அட்டையைப் போனோடு வைத்திருந்தீர்களா?" பொய் சொல்ல வாய் வரவில்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி ஒன்று இருக்கிறது. நம் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் வெளியில் எங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் இல்லை. நம் கவனக்குறைவால் போனதென்றால், வங்கிக்குச் சொல்லும்வரை போனது நம் தலையில், சொன்ன பிறகு போவது வங்கி தலையில். நான் சொன்னது 8.35. அதற்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. இன்னொன்றையும் அவர் காட்டினார். வங்கிச் செயலியிலேயே அட்டைக்கு 'இணையப் பயன்பாடு' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. புதிதாக வரும் அட்டைகளில் அது அணைத்தே வரும், நாமாகப் போட்டால்தான் உண்டு. நான் எப்போதோ மகனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டப் போட்டவன், அணைக்கவே இல்லை. சமையலறை கேஸை அணைக்கிறோமே, அதுபோல இதையும் வேலை முடிந்ததும் அணைக்கலாம்.

காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது கொடுத்தார்கள். போனின் ஐஎம்இஐ எண்ணைக் கேட்டார்கள். அது 15 இலக்கம், போனுக்குப் போன் வேறு. இரண்டு சிம் போடும் போன் என்றால் இரண்டு எண் இருக்கும். போன் கையில் இருக்கும்போது *#06# அழுத்தினால் திரையில் வந்துவிடும். போன் போன பிறகு எங்கே அழுத்துவது? வாங்கிய பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பெட்டியை எறியாமல் பரணில் வைத்திருந்தது மனைவி. "குப்பை சேர்க்கிறாள்" என்று நான் பல தடவை சொன்ன அதே பரண்.

சஞ்சார் சாத்தி என்ற மத்திய அரசின் தளத்தில் ரசீதையும் அடையாள அட்டையையும் ஏற்றி அந்த எண்ணைப் பதிந்தால், போனை நாட்டில் எந்த சிம் போட்டாலும் வேலை செய்யாதபடி முடக்கிவிடுகிறார்கள். பதிய ஓடிபி வேண்டும், அதற்கு அதே எண்ணில் புதிய சிம் வேண்டும். சிம் வாங்கிவந்தால் பேச முடிகிறது, குறுஞ்செய்தி வரவில்லை. கடைப் பையனிடம் போய்ச் சண்டை போட்டேன். "24 மணி நேரம் ஆகும் சார், எல்லோருக்கும் அப்படித்தான்" என்றான். திருட்டுத்தனமாக அடுத்தவர் பெயரில் சிம் வாங்கி உடனே ஓடிபி எடுப்பவர்களைத் தடுக்கத்தான் அந்த 24 மணி நேரம் என்று பிறகு புரிந்தது. பையனிடம் போய் மன்னிப்புக் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதே தளத்தில், நம் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்றும் பார்க்கலாம். ஒருவர் பெயரில் 9 வரை அனுமதி. நான் பார்த்தபோது மூன்று இருந்தது. ஒன்று என்னுடையது, ஒன்று அம்மாவுக்கு வாங்கியது. மூன்றாவது யாருடையதென்று தெரியவில்லை. 'என் எண் அல்ல' என்று அழுத்திவிட்டு வந்தேன். ஆதார் நகலை ஊரெல்லாம் கொடுக்கிறோம், எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆதார் நகல் என்றதும் என் தொழிலின் பாவத்தையும் சொல்லவேண்டும். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி கடைக் கணினியில் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். 340 கோப்புகள். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், சாதிச் சான்று, ஒரு பெண்ணின் மருத்துவ அறிக்கை. எல்லாம் வாடிக்கையாளர்கள் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பியவை. நான் எதையும் திருடவில்லை. ஆனால் யாரும் அழிக்கவும் இல்லை. நான் சாப்பிடப் போகும் நேரத்தில் கடையில் இருக்கும் பையன்கள் வருடத்துக்கு இருவராவது மாறுகிறார்கள். அன்றிலிருந்து ராத்திரி கடை சாத்துமுன் கோப்புறையையும் குப்பைத் தொட்டியையும் காலி செய்கிறேன். கோணலாக விழுந்த நகல்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதையும் நிறுத்திவிட்டேன். அவரிடமிருந்து அது எங்கே போகும் என்று தெரியுமா? பஸ் நிலையத்தில் வாங்கிய வறுகடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒருவரின் பான் அட்டை நகல். எண்ணெய்க் கறைக்கு நடுவே முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

எல்லாக் கடைக்காரரும் அழிப்பார் என்று நம்பாதீர்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே முதல் எட்டு இலக்கத்தை மறைத்த ஆதாரைப் பதிவிறக்கலாம். பல இடங்களில் அதுவே போதும். 2022 மே மாதம், நகல்களைக் கண்ட இடத்தில் கொடுக்க வேண்டாம், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லித் திரும்பப் பெற்றுவிட்டார்கள். எனக்கு அந்த முதல் அறிவிப்பே சரியென்று படுகிறது. என் வியாபாரம் அதனால் குறைந்தாலும் சரிதான். பதிவிறக்கிய ஆதார்க் கோப்புக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது. கோப்போடு சேர்த்து அதையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

வாட்ஸ்அப் விஷயம் இதைவிட மோசம். கடைக் கணினியில் வாட்ஸ்அப்பைத் திறந்து, திரையில் வரும் கட்டத்தைத் தன் போனால் படமெடுத்து, கோப்பை எடுத்து, அச்சு வாங்கி, காசு கொடுத்து, போயே விடுகிறார்கள். கணினியில் அவர்கள் வாட்ஸ்அப் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் வயதான அம்மா ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் அடித்துக்கொண்டிருக்கிறேன். திரையின் மூலையில் "நேற்று அப்பாவிடம் பேசினாயா, என்ன சொன்னார்?" என்று ஒரு செய்தி எட்டிப் பார்த்தது. காலையில் வந்த இளைஞனுடையது. அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது, யாரோ ஒரு பெண் பயந்துபோய் எழுதுகிறாள். நான் அவசரமாக வெளியேற்றினேன். நான் இல்லாமல் வேறொருவன் இருந்திருந்தால் அந்த இரண்டு குடும்பமும் என்ன ஆகியிருக்கும்? உங்கள் வாட்ஸ்அப்பில் மேலே மூன்று புள்ளியைத் தொட்டு 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்பதைப் பாருங்கள். நீங்கள் அறியாத கணினி ஏதாவது இருந்தால் அங்கேயே வெட்டிவிடலாம். கையோடு இரண்டு படிச் சரிபார்ப்பு என்று இருப்பதையும் போட்டுவிடுங்கள். சிம் எவன் கையிலோ சிக்கினாலும் அந்த ஆறு இலக்கம் இல்லாமல் உங்கள் பெயரில் வாட்ஸ்அப் தொடங்க முடியாது. எனக்கு அது இருந்ததால்தான், 'அவசரமாகப் பத்தாயிரம் அனுப்பு' என்று என் பெயரில் என் சொந்தக்காரர்களுக்குச் செய்தி போகவில்லை என்று நினைக்கிறேன்.

எண்ணைத் தொலைப்பதற்குத் திருடன் வர வேண்டும் என்பதும் இல்லை. கோட்டூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் பிஎம் கிசான் தவணைக்கு ஆதார் சரிபார்ப்பு செய்ய வந்தார். ஓடிபி போனது என்று திரை சொல்கிறது, அவர் போனுக்கு வரவில்லை. மூன்று முறை அனுப்பினோம். கடைசியில் ஆதாரோடு எந்த எண் இருக்கிறது என்று கேட்டால், ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்ணைச் சொல்கிறார். "அது செத்துப்போன எண் தம்பி" என்றார். சந்தேகப்பட்டு அடித்துப் பார்த்தேன். கோயம்புத்தூரில் ஒரு பெண் எடுத்தார். சிம் வாங்கி நான்கு மாதம் ஆகிறதாம். "யாருக்கோ வரவேண்டிய ஓடிபியும் உரக்கடைச் செய்தியும் வந்துகொண்டே இருக்கிறது சார், நானும் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருக்கிறேன்" என்றார். நல்ல மனுஷி.

துண்டித்த எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. நமக்குச் செத்த எண் இன்னொருவர் கையில் உயிரோடு இருக்கும். வங்கியும் ஆதாரும் பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருக்கும். பெரியவரை ஆதார் மையத்துக்கு நேரில் அனுப்பி எண்ணை மாற்றவைத்தோம். வங்கிக்கும் ஒருநாள் போய்வந்தார். எண்ணை விடப்போகிறீர்கள் என்றால் முதலில் வங்கி, ஆதார், எரிவாயு, மின்னஞ்சல் எல்லாவற்றிலும் மாற்றிவிட்டு, பிறகு விடுங்கள்.

பத்திரிகை அடிக்கிறவன் என்பதால் இன்னொன்று. சென்ற ஆவணியில் என் மச்சான் பதற்றத்தோடு வந்தான். தெரிந்தவர் எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் வந்ததாம், தொட்டால் திறக்கவில்லையாம், "நீங்கள்தானே பத்திரிகை அடிப்பவர், திறந்து கொடுங்கள்" என்றான். கோப்பின் பெயரைப் பார்த்தேன். 'திருமண அழைப்பிதழ்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கடைசியில் புள்ளி வைத்து ஏபிகே என்று முடிந்தது. நான் இதுவரை ஆயிரம் பத்திரிகையாவது அடித்திருப்பேன். பிடிஎஃப் ஆக வரும், படமாக வரும், சிலர் வீடியோவாகக்கூடச் செய்வார்கள். போனில் 'நிறுவ' வேண்டிய பத்திரிகையை இந்த உலகத்தில் எவனும் அடிப்பதில்லை. ஏபிகே என்பது ஒரு செயலி. அது உட்கார்ந்துவிட்டால் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி எல்லாம் நேராக அவனுக்குப் போகும். நம் தொடர்பிலிருக்கும் எல்லோருக்கும் அதே அழைப்பிதழை நம் பெயரிலேயே அனுப்பவும் செய்யும். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததன் ரகசியம் அதுதான். மச்சான் 'அறியாத மூலம்' என்ற எச்சரிக்கை வரை போய் நின்றிருந்தான். போக்குவரத்து அபராதம், வங்கி விவரப் புதுப்பிப்பு, மின்கட்டணம் என்று வேறு வேறு வேஷத்திலும் இதே கோப்பு வருகிறது. அபராதம் பற்றிய உண்மையான குறுஞ்செய்தி பத்து இலக்க எண்ணிலிருந்து வராது. அனுப்புநர் பெயரின் கடைசியில் கோடு போட்டு ஆங்கில ஜி எழுத்து இருக்கும், அரசுச் செய்தி என்பதற்கு இப்போது அதுதான் அடையாளம்.

யுபிஐ பற்றி ஒரே வரி: நமக்குப் பணம் வருவதற்கு 'பின்' எண் போடத் தேவையே இல்லை. 'பின்' எண் கேட்கிறது என்றால் உங்களிடமிருந்து பணம் போகப்போகிறது. கடையில் பல அம்மாக்கள் போனை நீட்டி "நீயே போட்டுக்கொள் தம்பி, என் பின்" என்று நான்கு இலக்கத்தையும் வரிசையில் நிற்கும் எட்டுப் பேர் காதில் விழச் சொல்வார்கள். நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். ஒருவர், "என்னமோ பெரிய இவன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார். போகட்டும்.

போனைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொண்டு கொடுங்கள். பூட்டைத் திறக்கும் எண்ணைத் தாளில் எழுதிப் பின்பக்கம் ஒட்டித் தருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். திரை மாற்றுவதற்கு அது எதற்கு? கூடுமானால் கூடவே நின்று வாங்கிவந்துவிடுவது நல்லது.

என் பழைய போன் இன்னும் கிடைக்கவில்லை. புதிய போனுக்குத் தோல் உறை போடவில்லை. கண்ணாடி மாதிரி இருக்கும் சாதாரண உறை, அட்டை செருக இடம் இல்லாதது. சிம்முக்கு 'பின்' எண் போட்டாயிற்று. அட்டை பர்ஸில் தனியாக, இணையச் சுவிட்ச் அணைந்தபடி.

எண் மனப்பாடம் மட்டும் இன்னும் தகராறுதான். வாரத்துக்கு ஒருமுறையாவது சாப்பாடு போட்டுக்கொண்டே மனைவி கேட்பாள், "எங்கே, என் எண்ணைச் சொல்லுங்கள் பார்க்கலாம்." எட்டு இலக்கம் கடகடவென்று வந்துவிடுகிறது. கடைசி இரண்டில் எது முன்னால், எது பின்னால் என்பதில் நேற்றும் தோற்றேன்.